வேலைக்கு விட்ட ஜாவா

திருச்சியில் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையோரம் ஜக்கரியா பாயின் மெக்கானிக் ஷெட் இருந்தது. போர்டு கிடையாது. தேவைப்பட்டவர்கள் எப்படியும் வந்து சேர்ந்துவிடுவார்கள். பழைய மோட்டார் சைக்கிள் பைத்தியம் பிடித்தவனுக்கு வழி கேட்கவா தெரியாது!

அது சாமானியப் பைத்தியமில்லை. கல்யாண நாள் மறந்துபோகும், புல்லட் எந்த வருஷத்து மாடல் என்பது மறக்காது. ஒரு கார்புரேட்டர் மூடிக்காக ஈரோடு வரை போவான். கிடைத்துவிட்டால் அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து பேர் ஷெட்டில் கூடி பாய் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பாய்க்கு நாற்பது வயதுதான். அவரைவிட மூத்தவர்கள்கூட 'குருவே' என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி கேலி, பாதி நிஜம்.

அந்தக் கூட்டத்தில் எழுபத்து நான்கு வயதில் வந்து சேர்ந்தவர் கோதண்டபாணி. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வந்த அன்று லோடு ஆட்டோவிலிருந்து ஒரு பழைய ஜாவா மோட்டார் சைக்கிளை இறக்கினார். டயர் இல்லை, சீட் இல்லை. சைலன்சர் இரண்டிலும் துரு தின்று ஓட்டை விழுந்திருந்தது.

"எங்க பிடிச்சீங்க?" என்று பாய் கேட்டார்.

"லால்குடிப் பக்கம். ஒரு கோழிக் கொட்டாய்க்குள்ள போட்டு வச்சிருந்தாங்க. என் வண்டிதான் பாய். எழுபத்தொண்ணுல வாங்கினது, எண்பத்தாறுல வித்தது. இன்ஜின் நம்பரைப் பழைய ஆர்.சி. புத்தகத்தோட ஒத்துப் பார்த்துட்டேன்."

"இப்ப எதுக்கு?"

கோதண்டபாணி அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார்.

"என் சம்சாரத்துக்கு ஞாபகம் போயிருச்சு பாய். மூணு வருஷமாச்சு. நான் யாருன்னு தெரியலை. யாரோ ஒரு பெரியவர் வீட்டுல தங்கியிருக்கார்னு நினைச்சுக்கிட்டு, 'ஐயா, சாப்பிட்டீங்களா'ன்னு மரியாதையாக் கேக்கிறா."

பாய் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"அந்தக் காலத்துல வேலை விட்டு இந்த வண்டியில வர்றப்ப, தெரு முனையில நான் ரெண்டு தடவை ஆக்ஸிலேட்டரை முறுக்குவேன். அந்தச் சத்தம் கேட்டா எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு வந்து கேட்டைத் திறந்துருவா. டாக்டர்கூட சொன்னாரு, பழைய சத்தம், பழைய வாசனை இதெல்லாம் சில சமயம் உள்ள போகும்னு. ஒரே ஒரு தடவை பாய். 'என்னங்க'ன்னு ஒரே ஒரு தடவை கூப்பிட்டாப் போதும். அப்புறம் நான் செத்தாலும் சரி."

பாய் வண்டியைச் சுற்றி வந்தார்.

"நான் செஞ்சு தரமாட்டேன் சார். நீங்களே செய்யுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

பதினாலு மாதம் ஆயிற்று. மதியம் மனைவி அம்சவேணி தூங்குகிற நேரத்தில் பக்கத்து வீட்டு லில்லி டீச்சரை உட்கார வைத்துவிட்டு ஷெட்டுக்கு ஓடி வருவார் கோதண்டபாணி. ரயில் பெட்டிக்கு போல்ட் முடுக்கிய கை, ஜாவாவின் சின்னத் திருகாணிகளிடம் தடுமாறியது. பாய் திட்டமாட்டார். தப்பாக மாட்டினால், "கழட்டுங்க" என்பார். மறுபடியும் தப்பாக மாட்டினால், "டீ குடிச்சிட்டு வாங்க" என்பார். அவ்வளவுதான் பாடம்.

ஒருநாள் கோதண்டபாணி கேட்டார்: "சத்தம் சரியா வந்துருச்சா பாய்?"

"எனக்கு எப்படித் தெரியும்? கேட்டவங்க உங்க வீட்டுலதானே இருக்காங்க."

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? டேங்கின் இடது பக்கம் ஒரு நசுங்கல் இருந்தது. அந்தக் காலத்தில் வீட்டுக் கேட் காற்றில் வந்து அடித்ததில் விழுந்தது. "அதை எடுத்துட்டு மெருகு போட்டா ஷோரூம் வண்டி தோத்துரும் சார்" என்றான் ஒருவன். கோதண்டபாணி போட்ட சத்தத்தில் வாய்க்கால் கொக்கு பறந்தது. நசுங்கலை அப்படியே விட்டுத்தான் மெரூன் பெயிண்ட் அடித்தார். அம்சவேணி பிடித்துக்கொள்ள சீட்டில் வைத்துத் தைத்திருந்த தோல் வார், சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கும் சாரி கார்டு, ஹெட்லைட் மேலே ஒட்டியிருந்த சமயபுரத்து அம்மன் படம் என்று ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்தார்.

பாய் ஒரே ஒரு தடவை கேட்டார். "எல்லாமே அப்படியே வேணுமா சார்?"

"அப்படியே வேணும் பாய். பார்த்த உடனே இது நம்ம வண்டின்னு அவளுக்குத் தெரியணும்."

பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை கோதண்டபாணி பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றிக் கிக்கரை உதைத்தார். இரண்டாவது உதையில் எடுத்துக்கொண்டது. இரண்டு சைலன்சரிலும் நீலப் புகை வந்தது. பைத்தியங்கள் எல்லாம் கை தட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி கிளம்பிப் போனார் கோதண்டபாணி.

செவ்வாய்க்கிழமை மதியம், வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தலைமுடிக்கு டை அடித்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"ஸ்டார்ட் ஆகலையா?"

"நான்தான் ஸ்டார்ட் பண்ணலை."

ஷெட்டில் அப்போது கரூரிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். வண்டியைப் பார்த்ததும் போனை எடுத்துக்கொண்டு வந்தார். "ஆஹா, என்னா வண்டி! ஒரு போட்டோ எடுத்துக்கலாமா சார்?"

"எடுத்துக்கங்க" என்றார் கோதண்டபாணி. கரூர்க்காரர் மண்டியிட்டு மண்டியிட்டுப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பெரியவர் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய, வண்டி அவ்வளவு அழகாக இருந்தது.

பாய் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுக் கோதண்டபாணி சொன்னார்.

"முனையில ரெண்டு தடவை முறுக்கினேன் பாய். ஓடி வந்துட்டா. மூணு வருஷமா சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்தவ, ஓடி வந்து கேட்டைத் திறந்தா. அவ முகத்தைப் பார்க்கணுமே! எனக்கு உசுரே திரும்பி வந்துருச்சு. வண்டியை நிறுத்தினேன். டேங்க் நசுங்கலைத் தடவிப் பார்த்தா. தோல் வாரைத் தொட்டுப் பார்த்தா. அப்புறம் என்னைப் பார்த்தா. எனக்குப் பின்னாடி தெருவைப் பார்த்தா."

"ம்."

"'இது எங்க வீட்டுக்காரர் வண்டி. இதை அவர் யாருக்கும் தரமாட்டாரே'ன்னா. அப்படியே உக்காந்துட்டா பாய். 'எங்க நடந்துச்சு? லாரியா? ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனீங்களா, இல்ல அங்கேயேவா?'ன்னு கேக்கிறா."

கரூர்க்காரர் போனை இறக்கினார்.

"'நான்தான் அம்சா, நான்தான்'ன்னு காலைப் பிடிச்சேன். 'பெரியவங்க நீங்க, என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றீங்க'ன்னு சொல்லி அழறா. ராத்திரி ஆனதும் மறந்துட்டா. நான் சும்மா இருந்தேனா? ஒருவேளை முதல் நாள் பதட்டமா இருக்கும்னு மறுநாளும் போனேன். அதே அழுகை. இன்னிக்கு தலைக்கு டை அடிச்சு, மீசையைச் சின்னதா வெட்டிக்கிட்டுப் போனேன். அதே அழுகை. அவளுக்கு ஒவ்வொரு நாளும் அதுதான் முதல் தடவை பாய். மூணு நாள்ல மூணு தடவை அவ தாலிய நானே அறுத்துட்டேன்."

கரூர்க்காரர் போனைப் பாக்கெட்டில் போட்டார்.

"சத்தம் சரியா இருந்துச்சு. எல்லாம் சரியா இருந்துச்சு. நான் என்ன தப்புப் பண்ணினேன், சொல்லுங்க."

பாய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "வண்டியை எழுபத்தஞ்சுல கொண்டுபோய் நிறுத்திட்டோம் சார். உங்களை இந்த வயசுலேயே விட்டுட்டோம். அன்னிக்கே சொல்லியிருக்கணும். எனக்கும் அந்த வண்டி மேல ஆசை. வாயை மூடிக்கிட்டேன்."

"உடைச்சுப் போட்டுருங்க பாய். என் கண்ணுல படக் கூடாது."

பாய் எழுந்தார். ஸ்பானரை எடுத்தார். உடைக்கவில்லை, கழற்ற ஆரம்பித்தார். சைலன்சர் இரண்டையும் எடுத்தார். கார்புரேட்டரை எடுத்தார். இன்ஜின் ஹெட்டைத் திறந்து சிலிண்டரை உருவினார்.

"குருவே, என்ன பண்றீங்க!" கரூர்க்காரர் அலறினார். "இப்படி ஒரு வண்டி சவுத்துலேயே கிடையாது!"

பாய் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினாலு மாத உழைப்பு ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பெட்டியிலும் இரண்டு சாக்கிலும் அடங்கியது. லோடு ஆட்டோ வரவழைத்து எல்லாவற்றையும் ஏற்றினார்.

"வாங்க சார், வீட்டுக்குப் போவோம்."

"அவ கண்ணுல இது படவே கூடாது பாய்!"

"வாங்க சார்."

வீட்டு முன்னால், கார் நிறுத்துவதற்காகப் போட்டிருந்த தகரக் கூரையின் கீழே சாக்கை விரித்து, பாய் சாமான்களை வரிசையாகப் பரப்பினார். கோதண்டபாணி தூணுக்குப் பின்னால் நின்றார். சத்தம் கேட்டு அம்சவேணி வெளியே வந்தாள். டேங்கைப் பார்த்தாள். உதடு துடித்தது.

"இது எங்க வீட்டுக்காரர் வண்டி."

"ஆமாம்மா. வேலைக்கு விட்டிருக்காரு."

"அவரு எங்க?"

"ட்யூட்டிக்குப் போயிருக்காரும்மா. ரெடியானதும் வந்து எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்காரு."

அவள் மூச்சை விட்டது தூண் வரைக்கும் கேட்டது. "அதானே பார்த்தேன். ஒரு நிமிசத்துல பயந்தே போயிட்டேன் தம்பி. எப்ப ரெடியாகும்?"

"பழைய வண்டி இல்லையா, சாமான் கிடைக்கணும். நாளாகும்."

"ஆகட்டும். அவரு நல்லா இருந்தாச் சரி." தூணுக்குப் பின்னால் பார்த்தாள். "அவர் யாரு?"

கோதண்டபாணி பாயைப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்பது போலத் தலையை அசைத்தார்.

"மெக்கானிக்கும்மா" என்றார் பாய். "இங்கேயே உக்காந்து வேலை பார்ப்பாரு."

"அப்படியா? வெயில்ல நிக்கிறீங்களே ஐயா, உள்ள வாங்க. நல்லாப் பார்த்துச் செய்யுங்க. அவருக்கு இதுதான் உசுரு."

கோதண்டபாணி வந்து சாக்கின் மேல் உட்கார்ந்தார். எதையாவது செய்ய வேண்டுமே என்று கார்புரேட்டரை எடுத்துத் துடைத்தார். அம்சவேணி படியில் உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட சொல்றதுக்கென்ன மெக்கானிக்கய்யா, எனக்கு இந்த வண்டியக் கண்டாலே ஆகாது."

துடைத்த கை நின்றது.

"ஞாயித்துக்கிழமைன்னா பொழுதன்னிக்கும் இதுகூடத்தான். துடைச்சதையே துடைப்பாரு. நானும் மனுசிதானே, பக்கத்துல வந்து உக்காருவேன். 'வெளிச்சத்தை மறைக்காதே'ம்பாரு. எந்திரிச்சு உள்ள போயிருவேன்." சிரித்தாள். "ஆனா சத்தம் கேட்டாத்தானே ஆளு வீட்டுக்கு வர்றாருன்னு அர்த்தம்? காதை எப்பவும் வாசல்லயே வச்சிருப்பேன்."

கோதண்டபாணி தலையை நிமிர்த்தவில்லை. அறுபது மைல் வேகத்தில் அவள் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைத்தான் இத்தனை வருஷமாக நினைவில் வைத்திருந்தார். அவள் எழுந்து உள்ளே போனது ஒன்றுகூட அவர் நினைவில் இல்லை.

"நான் இப்படிக் கிட்ட வந்து உக்காந்துக்கட்டுமா? உங்க வேலைக்கு இடைஞ்சலா இருக்குமோ?"

"உக்காருங்கம்மா" என்றார் கோதண்டபாணி.

அவள் இறங்கி வந்து சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு நட்டை எடுத்து முந்தானையால் துடைத்து வைத்தாள். வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவருக்குப் புளிக்குழம்பு என்றால் இரண்டு பிடி சோறு கூடுதலாக இறங்குமாம். கோபம் வந்தால் மூக்கு மட்டும் சிவக்குமாம். பொழுது சாயும்வரை பேசினாள். பிறகு, "இருங்க, டீ போட்டுட்டு வர்றேன்" என்று எழுந்து உள்ளே போனாள். லில்லி டீச்சர் பின்னாலேயே போனார்.

பாய் கிளம்பினார். கோதண்டபாணி கேட் வரைக்கும் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், நாளைக்கும் கேப்பா. நாளைக்கும் நான் மெக்கானிக்கா?"

"ஆமா சார்."

"அடுத்த வாரம்?"

"அடுத்த வாரமும்."

"அப்ப நான் எப்பத்தான் வீட்டுக்கு வர்றது? நான்... கோதண்டபாணி. அவ புருசன். நான் எப்ப வர்றது பாய்?"

உள்ளே டம்ளர் எடுக்கும் சத்தம் கேட்டது. ஜக்கரியா பாய் அவர் கையை மெல்ல விடுவித்தார்.

"வராதீங்க சார். அவங்க காத்துக்கிட்டு இருக்கட்டும்."