அடியில் கிடக்கும் பருப்பு

செங்கோடனைச் சந்தேகப் பேர்வழி என்று சொன்னால் அது குறைத்துச் சொன்னதாகிவிடும். வேலை பார்த்த காலமெல்லாம் சோதனைச் சாவடியில் நின்றவர் அவர். லாரி வந்து நின்றதும் கம்பியை எடுத்து மூட்டையில் அடிவரைக்கும் குத்துவார். மேலே நெல் இருக்கும், நடுவிலும் நெல் இருக்கும். வில்லங்கம் என்று ஒன்று இருந்தால் அது அடியில்தான் இருக்கும். அவர் கண்ட உலகம் அப்படி.

ஓய்வு பெற்றார். மனைவியும் போய்ச் சேர்ந்தார். கொல்லிமலை அடிவாரத்தில் பாவாயம்மாவின் மடத்துக்கு வந்து சிஷ்யராக ஒதுங்கினார். கம்பியை மட்டும் சாவடியில் விட்டுவிட்டு வந்தார்.

பாவாயம்மா அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் குரு குருதானே. ஊற்றிலிருந்து தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் என்று மேடேறி வருவார், மூச்சு வாங்காது. செங்கோடனைப் பார்த்தால் "வாங்கய்யா" என்பார். அதற்கு மேல் அதிகம் பேசமாட்டார்.

மடத்தில் பெரிய விருந்தெல்லாம் கிடையாது. சோறு, சாம்பார், ஒரு கீரை, ஒரு சுண்டல், தயிர். சமைப்பது ராக்கியண்ணன். முதல் பந்தியில் முதல் இலை செங்கோடனுடையது. கரண்டி சாம்பார் வாளிக்குள் இறங்கும்போதே கையை நீட்டித் தடுப்பார்.

"மேலாப்புல மொண்டு ஊத்து. அடியில விடாதே."

"அடியிலதானுங்க பருப்பு கிடக்குது."

"பருப்பு மட்டுமா கிடக்குது? அடியில என்னென்ன கிடக்கும்னு எனக்குத் தெரியாதா?"

சுண்டல் வரும்.

"கடலை வேகறதுக்கு சோடா மாவு போட்டிருப்பே. வேண்டாம்."

கீரை வரும்.

"இதை யாரு கழுவினாங்க? நான் பார்க்கலையே."

தயிர் வரும்.

"எந்த வீட்டுப் பாலோ, என்ன தண்ணி கலந்தானோ."

என்றைக்காவது நிலக்கடலைத் துவையல் அரைத்தால் அதற்கும் ஒரு குற்றம் இருக்கும். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, வெள்ளைச் சோறும் மேலே மிதந்த தண்ணீருமாகச் சாப்பிட்டு எழுந்திருப்பார். யாரிடமும் ஏமாறாமல் சாப்பிட்டோம் என்று ஒரு திருப்தி வேறு!

இப்படி இருக்கையில் காலில் முள் குத்தியது. கட்டைவிரல் புண்ணாகி, ஆறுகிற வழியாகத் தெரியவில்லை. சுகாதார நிலையத்து டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"சர்க்கரை எல்லாம் இல்லீங்க. உடம்புல புரதம் ரொம்பக் குறைஞ்சு கிடக்குது. புண்ணு மூடணும்னா புதுசா சதை வளரணுமில்ல? எதை வச்சு வளரும்? பருப்பு, பயறு, தயிருன்னு நல்லாச் சாப்பிடுங்க. இப்படியே போனா விரலை எடுக்க வேண்டி வரும்."

மனுஷன் ஆடிப்போனார். பருப்பு, பயறு என்றது காதில் விழவே இல்லை. விரலை எடுப்பது மட்டும் விழுந்தது.

அன்றைக்கு மடத்துக்கு வந்திருந்த ஒரு நாமக்கல்காரர் இதைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"புரோட்டீன் பவுடர்னு டப்பாவுல வருதுங்க. அது இல்லாம ஒண்ணும் நடக்காது. உங்க மடத்து அம்மாவையே பாருங்களேன். வெறும் சாம்பார் சோத்துல அந்தத் தெம்பு வருமா?"

வந்தது வினை.

அம்மா எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சாப்பிடுவார். உள் அறையில், தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு. ராக்கியண்ணன் பாத்திரங்களை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார். இத்தனை காலம் இது எப்படித் தன் கண்ணில் படாமல் போனது என்று செங்கோடன் தன்னையே திட்டிக்கொண்டார். நேரே அம்மாவிடம் போய் நின்றார்.

"அம்மா, உள்ள என்ன சாப்பிடறீங்க?"

"எல்லாரும் சாப்பிடறதுதானுங்கய்யா."

"அப்புறம் எதுக்குக் கதவு?"

"ஈ வருதுங்க."

ஈயாம்! எத்தனை லாரி டிரைவர்கள் இப்படிப் பதில் சொல்லிக் கேட்டவர் அவர்.

"நானும் இந்த மடத்துச் சோத்தைத்தான் திங்கறேன். நீங்க கல்லு மாதிரி இருக்கறீங்க. எனக்கு விரலே போகப்போகுது. எங்கயோ வித்தியாசம் இருக்குதில்ல? வச்சிருக்கறதை மறைக்காதீங்கம்மா."

பாவாயம்மா கட்டுப்போட்ட காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அறைக் கதவைத் திறந்துவிட்டார்.

"போய்ப் பாருங்க."

பார்த்தார். ஒரு பாய், ஒரு விளக்கு, ஒரு தண்ணீர்ச் செம்பு. பாயைத் தூக்கி அடியிலும் பார்த்தார். முன்னாடியே எடுத்து ஒளித்திருப்பார்கள் என்று முடிவு செய்தார்.

அவர் முகத்தைப் பார்த்த அம்மாவுக்கு அது புரிந்துவிட்டது.

"நான் சொன்னா உங்களுக்கு ஆகாது. நாளையிலிருந்து என் அறையில, என் இலையில நீங்க சாப்பிடுங்க. உங்க இடத்துல நான் உட்கார்ந்துக்கறேன்."

செங்கோடன் உடனே தலையாட்டினார்.

மறுநாள் முதல் பந்தியில் முதல் இலையில் அம்மா உட்கார்ந்தார். ராக்கியண்ணன் கரண்டியோடு திகைத்து நின்றார்.

"ஐயாவுக்கு எப்படிப் போடுவியோ அப்படியே எனக்கும் போடு."

"அம்மா, அவருக்குப் போடறது..."

"அப்படியே போடுன்னேன்."

மேலாப்பில் மொண்டு ஊற்றினார். சுண்டல் வந்தபோது அம்மா இலையைக் கையால் மறைத்தார். கீரைக்கும் மறைத்தார். தயிருக்கும் மறைத்தார்.

கடைசியில் செங்கோடன் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எதிரே வாளியின் அடியில் தங்கிய பருப்பு கெட்டியாகக் கிடந்தது. கீரை, சுண்டல், தயிர் எல்லாம் இருந்தன. வேறு நாளாக இருந்தால் தள்ளியிருப்பார். ஆனால் இது அம்மாவின் பங்காயிற்றே! மருந்து இதில் எதிலோதான் இருக்க வேண்டும். எதில் கலந்திருக்கிறார்கள் என்று தெரியாததால் எதையும் விடவில்லை. சுண்டலை ஒவ்வொன்றாக மென்றார். வாளியின் அடியைக் கரண்டியால் சுரண்டி இலையில் கொட்டிக்கொண்டார்.

தினமும் இதே கதைதான். நாளாக ஆகப் புண்ணின் ஓரம் சிவந்து புதுச் சதை எழும்பியது. டாக்டரம்மாவுக்கே சந்தோஷம்.

"விரல் தப்பிச்சிருச்சுங்க. என்ன சாப்பிடறீங்களோ அதை விட்டுடாதீங்க."

கேட்டதும் செங்கோடனுக்கு உறுதியாகிவிட்டது. மருந்து இருக்கத்தான் செய்கிறது!

மடத்தில் மற்றவர்கள் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவாயம்மா இப்போது ஒரு குடம்தான் எடுத்து வந்தார். பிறகு அதையும் பாதி மேட்டில் இறக்கி வைத்தார். கன்னம் ஒட்டிப்போனது. பந்தியில் கரண்டியைப் பிடிக்கும்போது ராக்கியண்ணனுக்குக் கண் கலங்கும்.

"போதுமுங்கம்மா. அவருகிட்ட நானே சொல்லிப்போடறேன்."

"நீ சொன்னா நம்பமாட்டாரு. அவரே கேட்கட்டும்."

கட்டு அவிழ்த்த அன்று செங்கோடன் செருப்புப் போட்டுக்கொண்டு மடத்துக்குத் திரும்பி வந்தார். மேட்டில் அம்மா ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குடம் பக்கத்தில் இருந்தது. புண்ணையும் இலையையுமே பார்த்துக்கொண்டிருந்தவர், பகல் வெளிச்சத்தில் அவரை நேருக்கு நேர் பார்த்து எத்தனை நாளாயிற்று!

பக்கத்தில் போய்க் குந்தினார்.

"அம்மா, என்னங்கம்மா இது? உங்களுக்குன்னு இருந்த மருந்தை எனக்குக் கொடுத்துட்டுத்தானே இப்படி ஆயிட்டீங்க? இப்பவாவது சொல்லுங்க. என் சாப்பாட்டுல என்ன கலந்தீங்க?"

"ஒண்ணும் கலக்கலைங்கய்யா. ராக்கியண்ணன் எல்லாருக்கும் சமைச்சதுதான் அது."

"அதைச் சாப்பிட்டே எனக்குப் புண்ணு ஆறுச்சுன்னா, நீங்க என்னத்தைச் சாப்பிட்டு இப்படி ஆனீங்க?"

பாவாயம்மா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"நீங்க நம்புனதை மட்டுந்தானுங்க."