மூணு மணிப் படம்

ராஜபாளையம் பக்கம் ஒரு நூல் மில். அந்த மில்லுக்கு ஒரு மேனேஜர், பெயர் தெய்வசிகாமணி. மனுஷனுக்கு எதற்கெடுத்தாலும் படம் வேண்டும். கூட்டிப் பெருக்குகிற பேச்சியம்மா ஒவ்வொரு ரூமையும் கூட்டிவிட்டு, செல்போனில் படம் பிடித்து, முதலாளியம்மாவும் இருக்கிற மில் குரூப்பில் போட்டாக வேண்டும். ஒரு படம் குறைந்தாலும் அன்றைக்கு அவள் வேலைக்கே வரவில்லை என்று எழுதிவிடுவார். அப்படி மூன்று நாள் விழுந்தால் வேலை போச்சு. பேச்சியம்மாவுக்கு ஏற்கெனவே ரெண்டு விழுந்தாச்சு. ரெண்டு நாளும் விட்டுப்போனது மேனேஜர் ரூம்தான்.

"மத்தியானம் ஆனா கதவைச் சாத்திக்கிறீங்களே ஐயா, எப்படிக் கூட்டுறது?"

"உள்ளே நான் யோசனையில இருப்பேன். கதவைத் தட்டக் கூடாது, சத்தம் வரக் கூடாது. ஆனா மூணு மணிக்குப் படம் வந்தாகணும்."

"அதெப்படிங்கய்யா முடியும்?"

"அது உன் சாமர்த்தியம்!"

மூணு மணிக்குப் பேச்சியம்மா கதவைத் தட்டவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி உள்ளே போனாள். சத்தமில்லாமல் கூட்டினாள். படத்தைப் பிடித்துக் குரூப்பில் போட்டாள்.

மொத்த மில்லும் பார்த்தது. தரை கண்ணாடியாக மின்னியது. மேஜைமேல் ரெண்டு கால். காலுக்குப் பின்னால் வாயைப் பிளந்தபடி மேனேஜர்.

அலறியடித்துக்கொண்டு வந்தார். "யாரைக் கேட்டு என்னைப் படம் பிடிச்சே?"

"தரையைத்தான் பிடிச்சேன் ஐயா. யோசனை கலைஞ்சிடக் கூடாதேன்னு உங்களை நகரச் சொல்லலை."

அதற்குள் முதலாளியம்மாவின் பதில் வந்து விழுந்தது:

"பேச்சியம்மா, இனிமே நீங்க படம் போட வேண்டாம். தெய்வசிகாமணி, தினமும் மூணு மணிக்கு நீங்க ஒண்ணு போடுங்க. கண்ணைத் திறந்துக்கிட்டு."