நிறுத்திய பின் ஆறு நிமிடம்

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, அட்டகட்டிக்கு மேலே மலைச் சாலையில், சூசை தன் பைக்கைப் பதினேழு முறை உதைத்தார். பதினெட்டாவது உதைக்கு யானை நேரம் தரவில்லை.

சூசை வால்பாறைக்குப் பேப்பர் கொண்டுபோகிறவர். சாலையில் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, விளக்கையும் இன்ஜினையும் அணைத்துவிட்டு, அது போகும்வரை சத்தமில்லாமல் நிற்பது அவர் வழக்கம். அன்று தாயும் கன்றும் நின்றன. ஆறு நிமிடம் பொறுத்தார். தாய் திரும்பி அவரை நோக்கி நடந்தபோது, வந்த வழியே போய்விடலாம் என்று உதைக்க ஆரம்பித்தார். கடைசியில் வண்டியைப் போட்டுவிட்டு ஓடைக்குள் குதித்தார். வலது முழங்கால் கிழிந்தது.

மதியம் ஒரு காய்கறி வேன் அவரையும் வண்டியையும் கோட்டூரில் பூங்கோதையின் பட்டறையில் இறக்கிவிட்டது. சூடானால் கிளம்பவில்லை என்று அந்த வண்டி அங்கே வருவது அது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் பார்த்தவர் நாச்சிமுத்து.

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்து நான்கு வயது. நூற்பாலையில் இருபத்தெட்டு ஆண்டு ஃபிட்டராக இருந்தவர். ஆலை மூடியபின், தன்னைவிடப் பதினாறு வயது இளையவரான பூங்கோதையிடம் தொழில் கற்க வந்து சேர்ந்தார். சூசையின் வண்டிக்கு முதல் முறை பிளக்கை மாற்றினார். இரண்டாம் முறை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், ஒயர்களையும் காயில்களையும் ஒவ்வொன்றாக மீட்டரில் அளந்தார். இரண்டு முறையும் டேங்கின் மேல் சாக்பீஸால் ‘சரி’ என்று எழுதி அனுப்பினார்.

வேனிலிருந்து இறக்கியதும் அவர்தான் உதைத்துப் பார்த்தார். முதல் உதையிலேயே கிளம்பியது.

“இங்க நல்லாத்தானுங்க ஓடுது. நாளைக்கு யானையை இங்கயே வரச் சொல்லிடறேன்,” என்றார் சூசை.

நாச்சிமுத்து இன்ஜினை அணைத்தார். தன் கையால் ஒரு ஆள் செத்தான் என்று ஆக வேண்டாம், எங்காவது வாட்ச்மேன் வேலைக்குப் போய்விடுவதாகப் பூங்கோதையிடம் சொன்னார். போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார்.

“நான் எதைப் பார்க்காம விட்டேனுங்க அம்மணி?”

பூங்கோதை அவரை அந்த வண்டியிலேயே மலையில் மூன்றாம் வளைவுவரை இரண்டாம் கியரிலேயே ஏறி, இறங்கி, வழியில் எங்கும் நிற்காமல் திரும்பி வரச் சொன்னார்.

ஒரு மணி நேரத்தில் நாச்சிமுத்து வந்தார். வந்த வேகத்தில், பட்டறைக்கு முன்னால் இருந்த வேப்ப மரத்தடிக்கு வண்டியைத் தள்ளினார். சூடாக வரும் எந்த வண்டியையும் அவர் அங்கேதான் நிறுத்துவார். இன்ஜின் மேல் ஈரச்சாக்கைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். ஆறிய பிறகுதான் ஸ்பேனரையோ மீட்டரையோ தொடுவார். ஓடி நின்ற மெஷினில் உடனே கை வைக்காதே என்பது ஆலையில் அவர் கற்ற முதல் பாடம்.

“மரத்தடி வேண்டாங்ணா. இங்கயே நிறுத்துங்க.”

நிறுத்திவிட்டுச் சாக்கை எடுக்கப் போனார். பூங்கோதை அதற்குள் அதை எடுத்து மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பிளக்கில் எப்போது பொறி விழ வேண்டும் என்று சொல்லும் சின்னக் காயில் ஒன்று இன்ஜினுக்குள் இருக்கிறது. அதன் இரண்டு ஒயர்களையும் பிரித்து மீட்டரின் முனைகளை வைக்கச் சொன்னார். மீட்டர் 212 ஓம் காட்டியது.

“போன வாரமும் இதேதானுங்க காட்டுச்சு.”

“பிடிச்சுக்கங்க.”

இன்ஜினின் அனல் மணிக்கட்டில் அடித்தது. நாச்சிமுத்து கையை மாற்றினார்.

“சுடுதுங்க.”

“சுடட்டும்.”

ஓடும்போது இன்ஜின் மேல் காற்றுப் பட்டது. நின்றபின் சூடு போக வழியில்லாமல் உள்ளுக்குள் பரவியது. இரண்டாம் நிமிடம் 219. நான்காம் நிமிடம் எண் ஆடியது. ஐந்தாம் நிமிடம் எண் மறைந்து, ஓரத்தில் ஒற்றை 1 மட்டும் நின்றது. உள்ளே கம்பி விட்டுப்போனால் அந்த மீட்டர் அப்படித்தான் காட்டும்.

சூசை நொண்டிக்கொண்டு வந்து மீட்டரைப் பார்த்தார்.

“இந்த நேரத்துக்குத்தானுங்க யானை திரும்புச்சு.”

பூங்கோதை சாக்கைத் தண்ணீரில் நனைத்து நாச்சிமுத்துவிடம் நீட்டினார். அவர் அதை இன்ஜின் மேல் போட்டார். ஆவி எழுந்தது. பத்து நிமிடத்தில் மீட்டர் மறுபடி 212 காட்டியது.

நாச்சிமுத்து சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பொள்ளாச்சியிலிருந்து புதுக் காயில் வந்தது. மாட்டிவிட்டு, யாரும் சொல்லாமல் அவரே மறுபடி மலையேறி இறங்கி வந்தார். அனலில் கையை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் மீட்டரைப் பார்த்தார். எண் மறையவில்லை. சாக்பீஸை எடுத்தார். டேங்கின் அருகே போனவர் எழுதவில்லை.

“இனிமே நிக்காதுன்னு நான் எதை வெச்சுங்க எழுதறது?”

பூங்கோதை சாவியை அவர் கையில் வைத்தார். சூசையின் முழங்கால் சரியில்லை, நாளைக் காலை அவரைப் பின்னால் உட்காரவைத்து நீங்களே ஓட்டுங்கள் என்றார். அதே இடத்தில் நிறுத்த வேண்டும். ஆறு நிமிடம்.

“அங்க யானை நின்னா?”

“நின்னா, இவரு பண்ற மாதிரியே இன்ஜினை அணைச்சிடுங்க. சாக்பீஸைப் பையில போட்டுக்கங்கண்ணா. எழுதறதை அங்க நின்னு எழுதுங்க.”

புதன்கிழமை அங்கே யானை இல்லை. நாச்சிமுத்து வண்டியை நிறுத்தினார். மேட்டுப் பக்கம் மூங்கில் முறியும் சத்தம் இரண்டு முறை கேட்டது. சூசை அவர் தோளைப் பிடித்தார். கடிகாரத்தில் ஆறு நிமிடம் முடியும்வரை நாச்சிமுத்து உதைக்கவில்லை. பிறகு ஒரே ஒரு முறை உதைத்தார். நின்றபடியே இன்ஜின் ஓடும் வண்டியின் டேங்கில், அதிர்வில் எழுத்து கோணலாக, ‘சரி’ என்று எழுதினார்.

மூன்று வாரம் கழித்து, 2018 மார்ச் 14 காலை, சூசை தனியாகப் போனபோது, அதே இடத்தில் தாயும் கன்றும் நின்றன. அவர் இன்ஜினை அணைத்தார். அன்று வால்பாறைக்குப் பேப்பர் பதினோரு நிமிடம் தாமதமாக வந்தது.