வறுத்த கடுகு

தென்துருவத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், மரமே முளைக்காத ஒரு தீவு. அதைப் பற்றி நாவல் எழுத நான்கு வருடம் படித்துவிட்டு அருளப்பன் கப்பலேறி வந்திருந்தார். மறுநாள் புயல் என்றார்கள். இறங்கினால் இன்றுதான்.

யாரை இறக்குவது என்பது மாதங்கியின் கையில் இருந்தது. தாவர ஆய்வாளர், அருளப்பனைவிடப் பத்து வயது இளையவர். வெளியிலிருந்து ஒரு விதைகூடத் தீவில் விழக் கூடாது. வழி நெடுக அவரிடம்தான் அருளப்பன் பாடம் கேட்டார். "டீச்சர்" என்றே கூப்பிட்டார்.

காலையில் மாதங்கி அவருடைய சட்டை மடிப்பு, காலுறை, பை எல்லாவற்றையும் ஊசியால் கிளறிப் பார்த்துவிட்டுக் கையில் கொடுத்தார்.

"இனி நீங்க ஒரு தடவை பாருங்க."

"திருடனைச் சோதிக்கிற மாதிரி இருக்கு, டீச்சர். மத்தவங்களை இவ்வளவு குடையலையே?"

"அவங்க தங்களைத் தாங்களே குடைஞ்சுட்டுதான் என்கிட்ட வர்றாங்க, எழுத்தாளரே."

அருளப்பனுக்கு உறுத்தியது. இவருக்கு நான் எழுதுவது பிடிக்கவில்லை, இறங்கவிடாமல் செய்யப் பார்க்கிறார். வேண்டாவெறுப்பாகக் காலுறையைப் புரட்டினார். ஓர் ஒட்டுப்புல் விதை குத்திக்கொண்டு நின்றது.

உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நேராக வந்தார்.

"ஊசி போட்டுத் தேடினீங்களே, அப்ப இல்லாதது இப்ப எப்படி வந்துச்சு? நீங்க வச்சதுதானே?"

"வச்சேன்."

மறுப்பார் என்று நினைத்திருந்த அருளப்பன் விதையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஆனா நான் வச்சது கடுகு. வறுத்த கடுகு, விழுந்தாலும் முளைக்காது. எல்லார் உடுப்பிலும் ஒண்ணு வைப்பேன். தேடிக் கொடுக்கிறவங்களைத்தான் இறக்குவேன்." விதையைக் குனிந்து பார்த்தார். "இது என் கண்ணுக்கும் தப்பிடுச்சு. இது நீங்க கொண்டுவந்த சரக்கு."

கீழே, தீவுக்குப் போகும் படகு உறுமத் தொடங்கியது. அருளப்பன் ஒவ்வொன்றாக உதறினார். கையுறையின் விரல் நுனியில் கடுகு அகப்பட்டது. ஓடி வந்து நீட்டினார்.

"ரெண்டும் கிடைச்சாச்சு. இறங்கலாமா?"

"ரெண்டுதானா?"

அருளப்பன் படகைப் பார்த்தார். தன் சட்டைக் கையைப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து, அதன் இடுக்குகளைக் கிளறத் தொடங்கினார்.

மாதங்கி கப்பலின் ஓரக் கம்பியில் சாய்ந்து கீழே படகுக்காரருக்குக் குரல் கொடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க. இன்னொருத்தர் வர்றார்."