ஒரு நாள் தள்ளிச் சிரித்தவன்

கேளுங்கள். மரங்களில் யட்சர்கள் குடியிருந்து, மனிதர்கள் கேட்டதையெல்லாம் யோசிக்காமல் கொடுத்துத் தொலைத்த காலம் அது. அந்தக் காலத்தில் நல்லாண்டி என்றொருவன் வெற்றிலை பயிரிட்டுப் பிழைத்துவந்தான். அவன் மனைவி பெயர் செவந்தி.

நல்லாண்டி நல்ல உழைப்பாளி. யாரிடமும் முகம் சுளிக்கமாட்டான். ஆனால் அவனிடம் மூன்று கோணல்கள் இருந்தன.

அவன் வீட்டு வாசல் நிலை உயரம் குறைந்தது. தினமும் அதில் தலையை இடித்துக்கொள்வான். இடித்த கையோடு நிலையைத் தடவிக் கொடுத்து, "வலிச்சிருச்சா? மன்னிச்சுக்கோ" என்பான். இது முதல் கோணல்.

சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாய் உண்டதும், "வாசல்ல யாரோ கூப்பிட்டாங்க, போய்ப் பாரு செவந்தி" என்பான். அவள் எழுந்துபோய்ப் பார்ப்பாள். ஈ காக்கை இருக்காது. பன்னிரண்டு வருடமாக அங்கே ஒருநாள்கூட யாரும் நின்றதில்லை. இது இரண்டாவது.

மூன்றாவதுதான் மானத்தை வாங்கியது. யாராவது வேடிக்கையாக ஏதாவது சொன்னால், நல்லாண்டிக்கு அன்றைக்கு அது ஏறாது. முழித்துக்கொண்டு நிற்பான். மறுநாள் அதே நேரத்துக்கு விளங்கிவிடும். அப்போது எங்கே இருந்தாலும் விழுந்து விழுந்து சிரிப்பான். ஊர்த்தலைவரின் தகப்பனார் இறந்தபோது துக்கம் கேட்கப் போனவன், முந்தின நாள் சந்தையில் கேட்ட வேடிக்கைக்குப் பாடையின் பக்கத்தில் நின்று சிரித்துவிட்டான். செவந்திக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அவளைக் குறை சொல்லாதீர்கள். ஊரே திரும்பி முறைத்தால் நமக்கும் அப்படித்தான் இருக்கும்.

அவள் நேரே குளக்கரை இலுப்பை மரத்துக்குப் போனாள். அதில் ஒரு யட்சன் இருந்தான்.

"சாமி, என் வீட்டுக்காரருக்கு இருக்கற மூணு கோணலையும் எடுத்துரு. வேற ஒண்ணும் வேண்டாம்."

"ஆகட்டும், போ" என்றான் யட்சன்.

அவன் ஒரு சோம்பேறி யட்சன். பழையதைச் செப்பனிடுவது தொல்லை என்று, அதே உருவில் புதிதாக ஒரு நல்லாண்டியைச் செய்து வீட்டுக்கு அனுப்பினான். பழையவனைத் தூக்கி மரத்துக்குள் வைத்துக்கொண்டான். இது செவந்திக்குத் தெரியாது.

புதியவன் குனிந்து நிலையைத் தாண்டினான். சிரிக்க வேண்டிய இடத்தில் அளவாகச் சிரித்தான். சாப்பாட்டின் நடுவே அவளை வாசலுக்கு விரட்டவில்லை. செவந்திக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் நாள் சாப்பிட்டு எழுந்தபோது அவன் சொன்னான்: "குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்திருக்கிறது."

இரண்டாம் நாளும் சொன்னான்: "குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்திருக்கிறது."

மூன்றாம் நாளும் அதையே சொன்னான். கோபமில்லை, கிண்டலுமில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னான்.

அவன் போனபிறகு செவந்தி குழம்புச் சட்டியோடு உட்கார்ந்து யோசித்தாள். உண்மைதான், கரித்தது. உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்து இன்னொரு தரம் போடுவது அவள் பிறந்ததிலிருந்தே உள்ள பழக்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் இந்தப் பன்னிரண்டு வருடமும் ஏன் கரிக்கவில்லை?

அப்போதுதான் அவளுக்கு வாசல் நினைவுக்கு வந்தது. அவள் வாசலுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் குழம்பு கொஞ்சம் நீர்த்திருக்கும். சொம்பில் தண்ணீர் குறைந்திருக்கும். அவள் மனம் நோகக்கூடாதென்று அந்த மனிதன் தினமும் இல்லாத ஆளைக் கூப்பிட வைத்திருக்கிறான்.

செவந்தி தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு மரத்தடிக்கு ஓடினாள்.

"சாமி, எனக்குப் பழைய ஆளே வேணும். கோணலோட வேணும்."

யட்சனுக்கு எரிச்சல் வந்தது. "உன் வீட்டில் இருப்பவன் நான் செய்த புதியவன், பழையவன் இந்த மரத்துக்குள் இருக்கிறான். ஆனால் கொடுத்ததைத் திருப்பி வாங்குகிற வழக்கம் எனக்கில்லை. வேண்டுமானால் நாளை உச்சிப்பொழுதில் வா. புதியவனையும் சேர்த்து, ஒரே உருவில் நூறு பேரில் ஒருவனாக அவனை நிறுத்துகிறேன். யாரும் பேசமாட்டார்கள். ஒருவனைத்தான் நீ தொடலாம். தப்பாகத் தொட்டால் உன் பழையவன் இந்த மரத்தில் ஒரு கிளையாகிவிடுவான்."

மறுநாள் குளக்கரையில் நூறு நல்லாண்டிகள் நின்றார்கள். செவந்தி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனாள்.

நிலையில் இடித்து இடித்துத் தடித்த நெற்றியைத் தேடினாள். நூறு நெற்றியும் தடித்திருந்தது. "ஏங்க!" என்று கூப்பிட்டாள். நூறு தலையும் திரும்பியது. நேரம் போய்க்கொண்டிருந்தது. யட்சன் மரத்தில் காலாட்டிக்கொண்டிருந்தான்.

செவந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இடுப்பில் கைவைத்து உரக்கச் சொன்னாள்:

"இன்னிக்குக் காலையில சமுத்திரராஜன் நம்ம வீட்டுக்கு வந்தாரு. 'அம்மா, என் கடல்ல இருந்த உப்பைக் காணோம். எதுக்கும் உன் குழம்புச் சட்டியைக் கொஞ்சம் காட்டு'ன்னாரு!"

பேசக்கூடாதென்றுதான் உத்தரவு, சிரிக்கக்கூடாதென்று யாரும் சொல்லவில்லை. தொண்ணூற்றொன்பது பேரும் அளவாகச் சிரித்தார்கள். ஒரே ஒருவன் மட்டும் அவர் எதற்கு நம் வீட்டுக்கு வந்தார் என்பதுபோல் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றான்.

செவந்தி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்ற அத்தனை பேரும் இலுப்பைச் சருகாக உதிர்ந்தார்கள். யட்சன் காலாட்டுவதை நிறுத்தினான்.

வீட்டுக்கு வந்ததும் நல்லாண்டி நிலையில் இடித்துக்கொண்டான். நிலையிடம் மன்னிப்பும் கேட்டான்.

அடுத்த நாள் உச்சிப்பொழுது. செவந்தி குழம்பு ஊற்றினாள். இரண்டு வாய் உண்டதும் நல்லாண்டி நிமிர்ந்தான்.

"வாசல்ல யாரோ கூப்பிட்டாங்க, போய்ப் பாரு செவந்தி."

"ஆமாங்க, எனக்கும் கேட்டுச்சு" என்று அவள் எழுந்து போனாள். வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி முடிக்கிற நேரம்வரை நின்றாள்.

உள்ளேயிருந்து சொம்பு உருண்டு விழும் சத்தம் கேட்டது. பின்னாலேயே, கூரை அதிர நல்லாண்டியின் சிரிப்பு.

"சமுத்திரராஜன்! சட்டியக் காட்டச் சொன்னாரா!"

செவந்தி வாசலில் நின்றபடியே, அவனோடு சேர்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள்.

நம்மவர்களின் கோணலை நிமிர்த்தப் பார்க்காமல் சிரித்து ஏற்றுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நம் கோணலையும் யாரோ ஒருவர் சத்தமில்லாமல் அப்படித்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.