சுத்தமா இல்ல

கப்பல் கதைன்னு சொன்னதும் எல்லாரும் நிமிந்து உக்காந்துட்டீக. புயல் வரும், கொள்ளைக்காரன் வருவான், கேப்டனுக்கு ஒரு பொண்ணு இருப்பான்னு நெனப்பு. ஒருத்தியும் வரமாட்டா. இதுல வர்றது சொறிமீன், அதான் ஜெல்லி மீன். அதுவும் செத்தது. சாப்பிட்டு வந்தவுக கொஞ்சம் தள்ளி உக்காருங்க.

தூத்துக்குடிக்கு வெளிய ஒரு பெரிய சரக்குக் கப்பல், கோர்ட்டு கேசுல மாட்டி மாசக்கணக்கா நங்கூரம் போட்டு நின்னுச்சு. ஒருவழியா கேசு தீந்து, கெளம்பலாம்னு உத்தரவு வந்தது. இன்ஜின் மூணு மாடி உசரம். அத்தனை நாள் படுத்துக் கெடந்ததை எழுப்புறது சாவியத் திருப்புற சோலி இல்ல. எண்ணெயச் சூடாக்கணும், மெல்ல உருட்டிப் பாக்கணும். முக்கியமா, இன்ஜின் சூட்டைத் தணிக்கக் கடல்தண்ணி உள்ள வரணும். அது வர்ற வழியில அண்டா மாதிரி ஒரு வடிகட்டி. அதைத் தெறந்து பாருன்னு ஃபிட்டர் இசக்கியக் கீழ அனுப்பினாக.

இசக்கி மூடியத் தெறந்தான். தெறந்த வேகத்துல மூடுனான்.

உள்ள வந்து மாட்டுன சொறியெல்லாம் செத்து ஊறி, சளியாக் கெடக்கு. சின்னப்புள்ள மூக்குச்சளி இல்ல, கெழட்டு நெஞ்சுச்சளி. கூடவே வாயப் பொளந்த சிப்பி, மையாட்டம் தண்ணி. அழுகுன முட்டையச் சாக்கடையில வேக வெச்ச வாடை. மூக்குல ஏறல, நேரா நாக்குல போய் உக்காந்துச்சு. இதைக் கைய விட்டுத்தான் அள்ளணும். யார் கைய? இசக்கி கைய.

போன் அடிச்சது. மேல கண்ட்ரோல் ரூம்ல செகண்ட் இன்ஜினியர் மச்சாது, மூக்குக்குக் கீழ தைலத்தை அப்பிக்கிட்டு. பக்கத்துல சீஃப் இன்ஜினியர் பெரியநாயகம், மூஞ்சியில துண்டைச் சுத்திக்கிட்டு.

"என்னல இசக்கி, வடிகட்டி எப்படி இருக்கு? சொறி கிறி எதுவும் கெடக்கா?"

"சுத்தமா இல்ல சார்."

"சுத்தமா இல்லியா?"

"சுத்தமா இல்ல."

"சரி, வையி."

மச்சாது திரும்பி, "சுத்தமா இல்லியாம் சார்"னாரு. துண்டுக்குள்ளேருந்து சீஃப், "அப்போ ஸ்டார்ட் பண்ணிருவோம்"னாரு.

கீழ இசக்கி அள்ளச் சொல்லி உத்தரவு வரும்னு நின்னான். வரல. வராததுல அவனுக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. 'நாம சொல்லியாச்சு'ன்னு போல்ட்டை முறுக்கிட்டு மேல ஏறிட்டான்.

இன்ஜினை உதைச்சுக் கெளப்புற அழுத்தக் காத்தத் தெறந்து விட்டாக. ப்ஸ்ஸ்ஸூ... தொம். தொம். தொம். கப்பலே தும்மிட்டு எந்திரிச்ச மாதிரி. நங்கூரத்தைத் தூக்குனாக, டெக்குல ஒருத்தன் விசில் அடிச்சான். கொஞ்ச தூரம் போனதும் வடிகட்டி அடைச்சுத் தண்ணி வராம சூடு ஏறுச்சு, மணி கத்துச்சு, தொம் தொம் நின்னுபோச்சு. மறுபடியும் நங்கூரம்.

கேப்டன் தாமோதரன் மூணு பேரையும் டெக்குக்கு வரச்சொன்னாரு. "முதலாளி ஒரு பேர் கேக்காரு. அந்த ஆள் இப்பமே கரைக்குப் போற படகுல எறங்கணும். இனிமே எந்தக் கப்பல்லயும் அவனுக்கு வேலை இல்ல. யாரு தப்பு?"

இசக்கி முந்திக்கிட்டான். எளச்சவன் தலையிலதான மொளகா அரைப்பாக. "சுத்தமா இல்லன்னுதான சார் சொன்னேன். அழுக்கா இருக்குன்னுதான அர்த்தம்?"

"சொறி கெடக்கான்னு கேட்டேம்ல. சுத்தமா இல்லன்னா துளிகூட இல்லன்னு அர்த்தம். வேணும்னா எந்த வாத்தியாரையும் கேளு" மச்சாது எகிறுனாரு.

பெரியநாயகம் துண்டை உதறித் தோள்ல போட்டாரு. "என் காதுக்கு வந்ததை வெச்சு ஸ்டார்ட் பண்ணுனேன். சோழி உருட்டியா பாக்க முடியும்?"

இசக்கி சொன்னதும் தமிழ்தான், மச்சாது கேட்டதும் தமிழ்தான், சீஃப் உத்தரவும் சேதிக்குத் தக்கபடிதான். அப்போ தப்பு சொன்ன வாய்மேலயா, கேட்ட காதுமேலயா, உத்தரவு போட்டவர்மேலயா? படகுல யாரை எறக்கணும்? சொல்லுங்க பாப்போம்.

நீங்க யோசிச்சு முடிக்கதுக்குள்ள, டீத்தட்டோட நின்ன சமையல்காரர் காஜா பாய் வாய விட்டுட்டாரு. "என்ன சார் இலக்கணம் பேசுறீக. சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கலாம், அந்த நாத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். அவன் மூடியத் தெறந்த வாடை அத்தனை மாடி ஏறி என் அடுப்படிக்கு வந்து, கொழம்பை எறக்கி வெச்சுட்டு நான் வாந்தியெடுத்தேன். தெரியாமயா ஒருத்தர் தைலம் தடவுனாரு, ஒருத்தர் துண்டு கட்டுனாரு? அள்ளுன்னு சொன்னா இன்னிக்குக் கெளம்ப முடியாது, அதான் ஆளுக்குத் தோதான அர்த்தத்தை எடுத்துக்கிட்டாக. நீங்களுந்தான கேப்டன் சார், எங்கயோ எலி செத்துக் கெடக்குன்னு சோத்தைத் திருப்பி அனுப்பிட்டுக் கதவைச் சாத்துனீக. அந்தப் படகுல நாலு பேரு தாராளமா உக்காரலாம்."