கொம்பு வைத்த இடிமரம்

முன்னொரு காலத்தில் வேங்கைமலை நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் கட்டித் தழுவியவனையே சாயங்காலம் சிறையில் தள்ளச் சொல்லுவான். அவனிடம் மந்திரியாகக் காலந்தள்ளிய காளிங்கருக்குத் தலைமுடி பூராவும் கொட்டிப்போனதில் ஆச்சரியமில்லை.

ஒருநாள் ஒற்றன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மகாராஜா! பக்கத்து நாட்டுப் படை வருகிறது. கூடவே ஓர் இடிமரத்தையும் இழுத்து வருகிறார்கள். சக்கரம் வைத்த கொட்டகை. உள்ளே சங்கிலியில் ஊஞ்சல்போலத் தொங்கும் பெரிய மரம். பின்னால் இழுத்து விட்டால் கதவில் போய் மோதும். முனையில் இரும்பிலே கிடாத்தலை, சுருட்டைக் கொம்போடு!"

படைத்தலைவர் உக்கிரசேனர் மீசையை முறுக்கினார். மந்திரியைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். "இவ்வளவுதானே? கோட்டைக் கதவில் இரும்புத் தகடு அடித்துவிட்டேனென்றால் கிடாவின் மண்டைதான் உடையும்!"

"தகடு தாங்காது," என்றார் காளிங்கர். "ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இடித்தால் எந்தக் கதவும் விட்டுக்கொடுத்துவிடும். எனக்கு அரண்மனை மெத்தைகள் வேண்டும், பிரபு."

"எதிரி வரும் நேரத்தில் மந்திரியாருக்குத் தூக்கம் வருகிறது!" என்றார் உக்கிரசேனர். சபையே சிரித்தது.

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "என் மெத்தையுமா?"

"முதலில் அதுதான். அதில்தான் பஞ்சு அதிகம்."

"எடுத்துக்கொள். ஆனால் கதவுக்குப் பின்னால் நீதான் நிற்கவேண்டும். உடைந்தால் முதலில் நசுங்குவது நீ!"

தகடும் அடித்தார்கள். எதிரியும் வந்தான். கதவுக்குப் பின்னால் நின்ற காளிங்கருக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை; சங்கிலி கிறீச்சிடுவது மட்டும் கேட்டது. அப்புறம் ஒரே இடி! உக்கிரசேனரின் தகடு பிளந்து, ஆணியொன்று காளிங்கரின் காதோரம் விர்ரென்று பறந்தது.

"மெத்தையை இறக்குங்கள்!" என்று கத்தினார் மந்திரி.

நெருப்பு பிடிக்காதபடி நனைத்துவைத்த மெத்தைகளை மதில்மேலிருந்து கயிற்றில் இறக்கினார்கள். அடுத்த அடி 'பொத்'தென்று விழுந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. இடிமரத்தின் வேகத்தையெல்லாம் பஞ்சு குடித்துவிட்டது.

"இப்போது சுருக்குச் சங்கிலி!"

மேலிருந்து சங்கிலி விழுந்து, மெத்தையில் புதைந்திருந்த கிடாத்தலையைச் சுற்றியது. வழுவழுப்பான மரமென்றால் நழுவியிருக்கும். சுருட்டைக் கொம்பில் சிக்கிக்கொண்டது. மறுமுனையைக் கோட்டைக்குள் யானை இழுத்தது. மரம் அண்ணாந்து எழும்ப, கொட்டகை சாய்ந்து நொறுங்கியது. கீழே இருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். எதிரி ராஜா சாயங்காலத்துக்குள் கூடாரத்தைச் சுருட்டினான்.

மகிழ்மாறன் ஓடிவந்து மந்திரியைக் கட்டிக்கொண்டான். "கொம்பைப் பிடிக்க எப்படியய்யா தோன்றியது?"

"ஆட்டைப் பிடிப்பவன் வேறெதைப் பிடிப்பான், பிரபு? பிடி வைத்து அனுப்பியதே அவர்கள்தானே!"

ராஜா வயிறு வலிக்கச் சிரித்தான். பிறகு உக்கிரசேனரைப் பார்த்தான். "படைத்தலைவரே, உமது முத்துமாலையை நீரே மந்திரிக்குப் போடும்."

அவர் தலைகுனிந்து போட்டார். காளிங்கர் அவர் கையைப் பற்றிக்கொண்டார். "கொஞ்சம் தாங்கிக்கொள்ளுங்கள் ஐயா, எனக்குக் கால் இன்னும் நடுங்குகிறது."

கதவைத் திறந்தார்கள். எதிரி வருகிறான் என்று கேட்டதிலிருந்து கோட்டைக்குள் அடைபட்டிருந்த மாடுகள் முண்டியடித்து வெளியே ஓடின. பின்னாலேயே ஊரும் ஓடியது. காளிங்கர் வாசலிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து, முகத்தில் பட்ட காற்றை நெஞ்சு நிறைய இழுத்துவிட்டார்.